கெளுத்திக்குக் குளிரில் பசிக்குமா

கடந்த வியாழக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, போதிய ஆலோசனைக்குப் பிறகு, என் கராஜின் இடது மூலையில் இருந்த மீன் தீவன மூட்டையை வலது மூலைக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். இந்த முடிவை உனக்கு முறையாகத் தெரிவிக்கிறேன். இடது மூலையில் வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. அதன் சூட்டில் தீவனத்தின் வாடை கிளம்பி, துணி துவைக்கும் அறையைத் தாண்டி, பூஜை அலமாரி வரை வந்துவிடுகிறது என்று சுமதி மூன்று வாரமாகச் சொல்லிவந்தாள். முட்டைகூட நுழையாத வீட்டில் கருவாட்டு வாடை. என் மனைவி இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு இதைவிடப் பெரிதாகக் கோபப்பட்டிருக்கிறாள். மூட்டை உன்னுடையது என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

தூக்கும்போது மூட்டை லேசாக இருந்தது. டிசம்பரில் உன் மனைவி வசந்தி அதை ஒப்படைத்தபோது இரண்டு கைகளாலும் அணைத்துத்தான் தூக்க முடிந்தது. இப்போது ஒரு கை போதும். எலி தின்னவில்லை. ஏன் குறைந்தது என்று வசந்தியிடம் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் மூன்று முறை எழுந்து, ஒரு முறை குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதுதானே நமக்குள் தகராறே.

நம் வீடுகளுக்குப் பின்னால் இருப்பதை விற்றவர்கள் ஏரி என்றார்கள். எண்ணெய்க் குழாய்களைப் பதிப்பதில் பாதி ஆயுளைச் செலவழித்த இரண்டு எஞ்சினியர்கள் நாம். மழைவெள்ளம் தெருவுக்குள் வராமலிருக்கத் தோண்டிய குழி அது என்று வரைபடத்தைப் பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் ஏரிக்கரை வீடு வாங்கியிருக்கிறோம் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். நீ பவானிக்குச் சொன்னாய், நான் மாம்பலத்துக்குச் சொன்னேன். என் சித்தப்பா படகு இருக்கிறதா என்று கேட்டார்.

குடிவந்த முதல் அமாவாசைக்கு உன் அப்பாவுக்குப் படைத்த சோற்றை வேலியின் மேல் காக்கைக்கு வைத்தாய். அணில் தின்றது. அடுத்த மாதமும் அணில்தான். டெக்சஸ் காக்கைகளுக்கு நேரம் தவறாமை இல்லை என்று சலித்துக்கொண்டு மூன்றாவது மாதம் சோற்றைக் குளத்துக்கு எடுத்துப்போனாய். நானும் வேடிக்கை பார்க்க வந்தேன். முதல் உருண்டை விழுந்ததும் தண்ணீர் கலங்கி, இரண்டு பக்கமும் மீசை தொங்கும் அகலமான வாய் ஒன்று மேலே வந்தது.

"எங்கப்பனாட்டவே இருக்குது பாரு" என்றாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளே தீவன மூட்டை வாங்கிவந்தாய். அதன் பிறகு அமாவாசை, பௌர்ணமி என்ற பேதமெல்லாம் இல்லாமல் தினமும் நான்கு மணிக்குக் கையில் பழைய ஹார்லிக்ஸ் மக்கோடு கரையில் நின்றாய். குழி என்பது உனக்கு அன்றோடு ஏரியானது.

முதல் குளிர்காலத்தில் மீன்கள் மேலே வருவதை நிறுத்தின. அவை தூங்குகின்றன என்று நான் சொன்னேன். எதை நினைத்துச் சொன்னேன் என்று இன்று யோசித்தால், எதையும் நினைத்துச் சொல்லவில்லை. கரடி தூங்குகிறது, கெளுத்தியும் தூங்கும். நீ மறுத்தாய்.

"அது தூங்கல. அடியில கெடக்குது. பசி கம்மியாப் போச்சு, அவ்வளவுதான். போட்டா திங்கும்."

நீ மறுக்காமல் இருந்திருந்தால் நான் அந்தப் பேச்சை மறந்திருப்பேன். மறுத்ததால் அது என் கொள்கையாகிவிட்டது. ஒன்பது குளிர்காலம் அந்தக் கொள்கையைக் காத்தேன். வாழ்நாளில் ஒரு மீனைத் தின்றிராதவன், மீன் என்ன தின்னும் என்பதில் இவ்வளவு உறுதியாக இருந்ததைப் பற்றி நீ ஒரே ஒரு முறைதான் குத்திக்காட்டினாய். அது பெருந்தன்மை என்று இப்போது படுகிறது. அப்போது உனக்கு வாதம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

வான்கோழி வேகவைப்பவர்கள் அதன் வயிற்றில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, கயிற்றில் கட்டிக் குளத்தில் இறக்கினேன். தண்ணீர் எந்த டிகிரிக்கு வந்தால் மீன் எப்படி மந்தமாகும் என்று எக்செல்லில் அட்டவணை போட்டேன். இணையத்தில் படித்தவற்றில் பாதி என் பக்கம் இருந்தது. மறு பாதியை உனக்கு அனுப்பவில்லை. கிளப் ஹவுஸில் நடந்த பொங்கல் விருந்தில் பிரச்சினை பொதுச்சபைக்குப் போனது. மயக்க மருந்து டாக்டர் ஒருவர், தூக்கம் வேறு மயக்கம் வேறு என்று இருபது நிமிடம் விளக்கினார். அதற்குள் வெண்பொங்கல் இறுகிவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் பதினொரு கை, உன் பக்கம் நான்கு. அந்த நான்கில் வசந்தியின் கையும் உன் மகள் மதுவின் கையும் அடக்கம். மது அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அப்பா பக்கம் தூக்கிய கையை இறக்கவே மாட்டேன் என்று பாயசம் வரும்வரை தூக்கியே வைத்திருந்தாள்.

உன் முறை எளிமையானது. குளிரில் மிதக்கும் தீவனம் கூடாது, மூழ்குவதுதான். வெயில் அடித்த நாளில், வெயில் இறங்குவதற்கு முன்னால். வடிகால் குழாய்க்குப் பக்கத்தில் ஆழமான இடத்தில். "ஒரு புடி போதும், நெறையப் போட்டா அதுக்குச் செரிக்காது, மிஞ்சினது அழுகிப்போயித் தண்ணியக் கெடுத்துரும்." போட்டது மூழ்கும். யாரும் பார்க்க முடியாது. மறுநாள் மறுபடி ஒரு பிடி. நிரூபிக்கவே முடியாதபடி அமைந்த ஒரு நம்பிக்கையை வைத்து ஒரு மனிதன் ஒன்பது ஆண்டு வாதாடுகிறான் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அங்கே நாங்கள் கச்சா எண்ணெயின் அடுத்த ஆண்டு விலையைக் கணித்துக்கொண்டிருந்தோம்.

நவம்பரில் உன் இதயத்தைத் திறக்க நாள் குறித்தார்கள். முந்தைய மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பேச வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு வெப்பமானி காட்டிய அளவைச் சொன்னேன். இனி நாலு மாதத்துக்கு உன் மீனுக்கு வேலையில்லை, உனக்கும் ஓய்வு என்றேன். நீ வசந்தியைப் பார்த்து, தினமும் ஒரு பிடி, மறக்காதே என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"சரி, நீ ஊட்டுக்குப் போயித் தூங்கு. மீனு தூங்காது."

அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. அதற்குச் சரியான பதில் ஒன்று எனக்குப் பார்க்கிங் இடத்தில் தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காரை எடுத்தேன். மறுநாள் நீ கண் திறக்கவில்லை.

காரியங்கள் முடிந்த மூன்றாம் நாளே வசந்தி நான்கு மணிக்கு ஹார்லிக்ஸ் மக்கோடு கரையில் நின்றாள். நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருக்கும் மதுவுக்கு ஜனவரியில் பிரசவம். மாப்பிள்ளைக்கு மருந்துக் கம்பெனியில் வாரம் பாதி வெளியூர். அம்மாவை உடனே வரச்சொல்லி மது டிக்கெட் எடுத்து அனுப்பினாள். வசந்தி போகவில்லை. மார்ச் வரை மீனுக்குப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மகள் பிரசவத்துக்குத் தாய் போகாமல் இருப்பதற்கு நம் ஜனங்களிடம் ஏற்றுக்கொள்ளத்தக்க காரணங்கள் மொத்தம் இரண்டுதான். மீன் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் போடுகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று போய்ச் சொன்னேன்.

"நீங்க போடுவீங்ணா. ஆனா திங்காதுன்னு நெனச்சுக்கிட்டே போடுவீங்க. அவருக்குக் குடுக்கறதை அப்படிக் குடுக்கக் கூடாதுங்."

ஒன்பது ஆண்டு நான் கட்டிக்காத்த கொள்கையின் பலனை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வாரம் மது கூப்பிட்டாள். நமக்குத் தெரிந்த மது, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்பவள். அம்மா நான் சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்கிறாள், நீங்கள்தானே எப்போதும் மீன் தூங்குகிறது என்று சொல்வீர்கள், அதையே அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள், அங்கிள் சொன்னால் சயன்ஸ் என்று நம்புவாள் என்றாள். இவ்வளவும் இங்கிலீஷில்.

"எனக்குப் பயமா இருக்கு அங்கிள்."

அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

சொல்லிவிட்டிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் முதல் தடவையாக என் வாக்கியத்தால் ஒரு காரியம் நடக்கப்போகிறது என்றதும் எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. போன கோடையில் நீ என் கராஜில் விட்டுப்போன தூண்டிலை எடுத்தேன். கடைக்குப் போய், ஆயுளில் முதல் முறையாக, கோழி ஈரல் வாங்கினேன். டப்பாவை சுமதிக்குத் தெரியாமல் கொதிகலனுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று நாள் ஒன்றும் கடிக்காவிட்டால் மனசாட்சியோடு வசந்தியிடம் பேசலாம் என்பது திட்டம். எனக்கு அது கடிக்கக் கூடாது. அதையும் உன்னிடம் ஒளிக்கவில்லை.

முதல் நாள் கடிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. இருந்தும் வீட்டில் உட்கார முடியாமல் ராத்திரி அட்டவணையை மறுபடி திறந்து மூடினேன். மூன்றாம் நாள் தண்ணீர் ஐம்பது டிகிரி, ஊர்க் கணக்கில் பத்து. வடிகால் குழாய்க்குப் பக்கத்தில், நீ காட்டிய இடத்தில், தூண்டிலைப் போட்டு முக்கால் மணி நேரம் நின்றேன். சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது கயிறு கனத்தது. வெட்டி இழுக்கவில்லை. யாரோ ஒருவர் யோசித்து யோசித்துக் கையைப் பிடிப்பதுபோல இருந்தது. இழுத்து வெளியே போட்டேன். முழங்கை நீளம், உப்பிய வயிறு. இரண்டு பக்கமும் மீசை. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது அது தன் பக்கத்துத் துடுப்பு முள்ளால் என் கட்டைவிரலில் குத்தியது. தண்ணீரில் விட்டேன். அவசரப்படாமல் உள்ளே போனது.

நீ சொன்னது சரி. ஒன்பது ஆண்டும் சரி. பதினொரு கை தூக்கிய அன்றும் சரி. இதைச் சொல்ல உன் வீட்டுப் பக்கம் நான்கு அடி நடந்தும்விட்டேன். அதற்குப் பிறகுதான் நின்றேன்.

எதிரே நடைபாதையில் வசந்தி மக்கோடு வந்தாள். தூண்டிலைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் கடிச்சுதுங்களா?"

உள்ளதைச் சொன்னால் அவள் இனி என்னை நம்பி மக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அல்லது, சாப்பிடுகிறது என்று உறுதியாகிவிட்டதே என்று மார்ச் வரை அசையாமல் நிற்கலாம். இரண்டில் எது நடக்கும் என்று கணிக்க என்னிடம் அட்டவணை இல்லை. மது தமிழில் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் இருந்தது.

"இல்லம்மா. மூணு நாளாப் போட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் தூங்குது."

அவள் என் கையைப் பார்த்தாள். ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"கையில என்னங்ணா?"

"தூண்டில் முள்ளு குத்திடுச்சு."

கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவிரிக்கரையில் பிறந்தவள். கெளுத்தி முள் குத்தியதற்கும் தூண்டில் முள் குத்தியதற்கும் வித்தியாசம் தெரியாத ஊர் இல்லை அது.

"மஞ்சளை வெச்சுக் கட்டுங்ணா" என்றாள். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தானுங் இருக்கும்" என்றாள்.

நம்பினாளா, நம்பியதாக வைத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. அன்று மக்கில் இருந்ததைக் குளத்தில் போடாமல் திருப்பி எடுத்துப்போனாள். நான்காம் நாள் மூட்டையையும் வீட்டுச் சாவியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நியூஜெர்சிக்கு விமானம் ஏறினாள். ஜனவரியில் மதுவுக்கு ஆண் குழந்தை. போட்டோவில் உன் நெற்றி. மீசை இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து மூட்டை குறைகிறது. வெயில் அடித்த நாட்களில், வடிகால் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு பிடி. மூழ்குகிறது. எதையும் பார்க்க முடிவதில்லை. அடியில் யாரோ சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போடுகிறேன், அதில் குறைவைக்கவில்லை. கையைச் சோப்பு போட்டுக் கழுவினாலும் வாடை போவதில்லை. போன வாரம் அந்த மயக்க மருந்து டாக்டர் நாயோடு வந்தவர், நீங்களா போடுகிறீர்கள் என்று கேட்டார். பழைய தீவனம், காலி செய்கிறேன் என்றேன். உனக்கு எதிராகச் சொன்னதை எல்லாம் சபையில் சொன்னேன், உனக்குச் சாதகமானதை இந்தக் காகிதத்தில் மட்டும் எழுதுகிறேன். அது நியாயம் இல்லை என்று தெரியும். வெளியே சொன்னால் வசந்தியின் காதுக்குப் போகும்.

நேற்று மது பேசினாள். பின்னால் குழந்தை அழுதது, வசந்தி அதைத் தூக்கிக்கொண்டு நடந்து ஏதோ சொல்லும் சத்தம் கேட்டது. அம்மா இனி இங்கேயே இருப்பாள் என்றாள். கேட்டி வீட்டை விற்க ஏஜென்ட் பார்த்தாகிவிட்டது. வீட்டைப் படம் எடுக்கச் சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு நான் போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும்.