மூடுபனியில் சீட்டி

ஞாயிறு, இரவு.

எங்கள் கால்பந்து கிளப்பை வாங்கிய ரிசார்ட் முதலாளி, இன்று மலைப் பையன்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சேலத்திலிருந்து கூட்டிவந்தவர்களை ஆடவிட்டார். பாதி ஆட்டத்தில் மூடுபனி இறங்கியது. பனியில் சீட்டியடித்துப் பந்து கேட்பது எங்கள் கிளப்பின் வழக்கம். அப்பா ஆடிய காலத்திலிருந்தே அப்படித்தான். வந்தவர்களுக்கு அது தெரியாது. பந்தை எதிரணியிடமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, நம்ம பசங்கள எறக்குங்க. அவங்களுக்குப் பனி பழக்கமுங்க,” என்றேன்.

“கிளப்ப வாங்குனது நானுங்க. நீங்க வேடிக்கை மட்டும் பாருங்க,” என்றார்.

எதைப் பார்ப்பது? கோல் கம்பமே தெரியவில்லை. தள்ளிப்போய் விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தேன். கூட்டமே சேர்ந்துகொண்டது. “யாருடா அது?” என்று முதலாளி கத்தினார். பதில் சீட்டி அவருக்குப் பின்னால் இருந்த பெஞ்சிலிருந்தே வந்தது.

தோற்றுத்தான் போனோம். அடுத்த ஞாயிறு பனி இல்லாவிட்டாலும் சீட்டியடிப்பேன். என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.