அது துவையல் அல்ல

உங்களுக்கு,

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி பௌதியோடு காளிகாட் கோயிலுக்குப் போகிறேன். சமையலறைச் சாவி பூஜை மாடத்தில்.

நேற்று நீங்கள் சாதத்தில் பிசைந்து, "பேஷ்! துவையல்னா இதுன்னா துவையல்!" என்றீர்களே, அது துவையல் அல்ல. உங்கள் முழங்காலில் பற்றுப் போட, கவிராஜ் வைத்தியர் தந்த சிற்றரத்தை வேரை அரைத்து வைத்திருந்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் பாராட்டு. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அப்புறம் யோசித்தால், அந்த வேரின்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இன்று கல்சட்டியில் இருப்பது வேர். பீங்கான் கிண்ணத்தில் இருப்பது என் இஞ்சித் துவையல்.

தர்மு

நாலு மணிக்கு வைத்தியர் வருவார். மருந்து எப்படி என்று கேட்டால், ருசி என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. துவையல் பிடித்திருந்தால் வாய்திறந்து சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் முழங்காலில் தடவிக்கொள்ளுங்கள்.