உப்பைத் தள்ளிய ஏழு நாள்

என் உசிரான தங்கச்சி செல்வமணிக்கு,

நீ விழுந்த அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் நின்றவர்கள்: பூசாரி சின்னையா, உடுக்கை அடித்த முத்து, உன் புருசன் ராமையா, குலவை போட்ட பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பாக்கியம். ஆறு வருசமாக இந்த நாலு பேரையும் திட்டுகிறேன். பூசாரி கையால் திருநீறு வாங்குவதில்லை.

நேற்று பேத்தி கவிதா என் போனைக் கழற்றி, வீங்கின பேட்டரியைக் காட்டினாள். "அம்மாயி, இதுக்குள்ள லித்தியம் இருக்கு. சின்ன அம்மாயி குடிச்ச மாத்திரையிலயும் அதுதான்."

"பேட்டரியை எப்படிடி முழுங்குறது?"

ரொம்ப லேசான உலோகமாம். கத்தியால் வெட்டலாமாம். தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே நுரைத்துப் பொங்குமாம். அதனால் எண்ணெயில் வைப்பார்களாம். அதோட உப்புத்தான் உன் மாத்திரை. ஒருநாள் துள்ளி, ஒருநாள் சுருண்டு கிடந்த உன் மனசை நிதானமாக வைத்திருந்தது அதுதான்.

"ஆனா சோத்து உப்பை நிறுத்தினா, உடம்பு அந்த லித்தியத்தை வெளியே விடாம தேக்கி வச்சுக்கும் அம்மாயி. விசமாயிரும். கை நடுங்கும், நாக்கு குழறும்."

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸி, தெரிந்த தமிழில், "உப்பு வேணாம் சொல்ல வேணாம், அக்கா" என்றாளே, ஞாபகம் இருக்கா? நம்ம ஊர் லுணுகலை வரும்வரை பஸ்ஸில் அதையே சொல்லிக்காட்டிச் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்தேன். ஆனால் உப்பைத் தள்ளக் கூடாது என்கிறாள் என்று எனக்கு விளங்கியிருந்தது, மணி.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், "ஏழு நாள் உப்பைத் தள்ளு, அம்மன் சுகமாக்குவா" என்றது யார்? மாத்திரையை மட்டும் தவறாமல் உன் வாயில் போட்டது யார்?

ஏழாம் நாள் நடுங்கினாய். அருள் வந்துவிட்டது என்று உடுக்கை உரத்தது. "சாமி இல்லக்கா, முடியலக்கா" என்று குழறினாய். "வாயை மூடுடி, ஆத்தா கோவிச்சுக்குவா" என்று அதட்டிய குரல் பூசாரியுடையது இல்லை. நீ விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரி வருமுன்னே உன் கை குளிர்ந்துவிட்டது.

இந்த வருசம் காப்புக் கட்டும் அன்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்: மருந்து குடிக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைத் தள்ளக் கூடாது. பூசாரி கையால் திருநீறும் வாங்குவேன். மிஸ்ஸி சொன்னது அவருக்குத் தெரியாது. அந்த நாலு பேருக்குமே தெரியாது.

உன் தோளைப் பிடித்து நின்றவள் பேரை மேலே எழுதாமல் விட்டிருக்கிறேன். அவளைத்தான் மன்னிக்க மாட்டேன். அவள் பேர் இதோ.

உன் கூடப்பிறந்த அக்கா,
ராக்காயி