கோடு இருந்தாலும் இருக்கட்டும்

அன்புள்ள மகன் மணிவண்ணனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடு மாடும் சுகம், மஸ்கட்டில் நீயும் ராதிகாவும் பேரனும் சுகமாக இருக்கணும் என்று பெரியசாமியைத்தான் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் சிக்னல் போகுது, மீதியில் எனக்கு அழுகை வருது, அதனால் எழுதுகிறேன் கண்ணு.

அப்பா போனபோது லீவு கிடைக்காமல் நீ முகம் பார்க்கவில்லை. அந்தக் குறைக்காகத்தான் உன் காதுகுத்து வீடியோ கேசட்டை சிடியில் ஏற்றி அனுப்பலாம் என்று நாமக்கல்லில் முரளி கடைக்குக் கொண்டுபோனேன். ஈரம் ஏறக்கூடாதென்று சாமை டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தேன், அப்படியும் நம்ம மலைப் பனிக்கு நாடா பூஞ்சை பிடித்துவிட்டது. தட்டினால் சாமை உதிருது, ஏனுங்கம்மா இதுல படம் பார்க்கறதா பொங்கல் வைக்கறதா என்று முரளி கேலி பண்ணினான். அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். அப்பா சும்மா நின்றால் நன்றாக இருக்கு, உன்னைத் தோளில் வைத்து ஆடும்போது மட்டும் கையோரம் காலோரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியுது. பூஞ்சை தின்றுவிட்டது என்று பயந்து, அந்தக் கோட்டை எடுத்துடு சாமி என்று நான்தான் சொன்னேன், அவனும் எடுத்துக் கொடுத்தான். மெர்சி டீச்சர் ஊட்டு டிவியில் போட்டால் கோடு இல்லை, அப்பா ஆட்டமும் இல்லை. விசுக்கு விசுக்கென்று தாவுகிறார். காலைத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக மண்ணில் வைப்பாரே, அந்த வைக்கிறதைக் காணோம்.

திரும்பப் போய்க் கேட்டேன். டேப்பில் ஒவ்வொரு படமும் ஒரு கோடு விட்டு ஒரு கோடாக இரண்டு பாதியாய்த்தான் பதிந்திருக்குமாம், ஒரு பாதிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆள் அசைந்திருப்பதால் கம்ப்யூட்டரில் சீப்பு மாதிரி தெரியுமாம், பூஞ்சை இல்லையாம். கோட்டை எடுக்கச் சொன்னதால் ஒரு பாதியையே தூக்கிப் போட்டிருக்கிறான். இரண்டையும் அப்படியே ஏற்றினால் டிவி அடுத்தடுத்துக் காட்டிக்கும், ஆட்டம் முழுசாக வரும் என்றான். முன்னாலேயே சொல்வதற்கு என்ன என்றேன், நீங்க எங்கீங்க சொல்ல விட்டீங்க என்றான். கம்ப்யூட்டரில் முதலில் பதிந்ததையும் அழித்துவிட்டானாம். இனி டேப்பை மறுபடி ஓட்டணும், அறுந்தால் என்னைக் கேட்கக்கூடாதுங்க என்கிறான். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய் அவன் பக்கத்திலேயே உட்காரப் போகிறேன். ஆட்டம் கடைசியில் இருக்கு, நாடாவும் இப்போது கடைசியில்தான் நிற்குது, அந்தளவுக்கு மட்டும் பின்னால் சுற்றி அதை மட்டும் எடு, முன்னால் வரும் பந்தியைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மெர்சி டீச்சர் தம்பி மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வருகிறானாம், திரும்பும்போது முதல் சிடியை அவனிடம் கொடுத்துவிடுகிறேன், பந்தியைப் பார்த்துக்கொள். அடுத்தது நல்லபடியாக வந்தால் டிவியில்தான் போடணும், கம்ப்யூட்டரில் போட்டுக் கோட்டைக் கண்டு நீயும் துடைக்கப் பார்க்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்கணும். வெயிலில் வண்டி ஓட்டாதே. பந்தியில் சோறு போட்டுக்கொண்டு போவது நான்தான் கண்ணு, அது பாதிப் படமாகவே இருக்கட்டும், என்னை நீ லீவு போட்டு வந்து முழுசாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு
உன் அம்மா கண்ணாயி
வாழவந்தி நாடு