நாலரை டன்னும் பெத்தனும்

3 நவம்பர் 2025, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்-3 ராக்கெட் போனது. ஏறக்குறைய நாலரை டன் செயற்கைக்கோள். இன்று காலை காளிராஜ் டீக்கடையில் அதே பேச்சு. மழை வேறு, யாரும் எழுந்து போகவில்லை. பெத்தனும் இருந்தான். இருபத்திரண்டு வருஷம் என்னோடு டிரெய்லரில் வந்தவன். நான் ஓட்டுவேன். அவன் நீளக் கம்போடு முன்னால் நடந்து, தாழ்ந்து கிடக்கிற கரண்டுக் கம்பியைத் தூக்கிவிட்டு வழி காட்டுவான்.

என் வாய் சும்மா இருக்குமா? போனில் பார்த்ததை எடுத்துவிட்டேன். "நம்ம வண்டி வெயிட்டு அறுநூத்தி நாப்பது டன்னு, ஏத்துறது நாலரை. அமெரிக்காக்காரன் ஃபால்கன் ஐநூத்தம்பது டன்னுதான், இருபத்திரண்டு ஏத்துது. அவன் டாரஸ் லாரி, நம்மது குட்டியானை."

கடையே சிரித்தது. பெத்தன் சிரிக்கவில்லை. "அப்ப குட்டியானைக்காடா நான் பதினோரு நாள் நடந்தேன்?" என்றான்.

"கம்பு தூக்குனவனுக்கு எதுக்குய்யா டன் கணக்கு? ஓட்டுனவன் நான் சொல்றேன்."

பாதி டீயை வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

5 நவம்பர்

பெத்தன் கடைக்கு வரவில்லை.

6 நவம்பர்

இன்றும் வரவில்லை. பதினோரு நாள் என்று அவன் சொன்னது சரிதான். ஒரு தடவை கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து இதே ரக ராக்கெட்டின் உடம்புத் துண்டை ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏற்றிப் போனோம். வீட்டு உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. பாலங்களுக்குப் பயந்து ஊருக்குள் ஊராகப் புகுந்து போவோம். ஆம்பூர் தாண்டி ஒரு கல்யாண வேன் எங்கள் பின்னால் மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் போய்விடுமென்று மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி ஓடியே போனான். பெத்தன் அவனுக்கு முன்னால் கம்பைத் தூக்கிக்கொண்டு, "வழி விடுங்க, வெயிட்டான லோடு வருது" என்று கத்திக்கொண்டு ஓடினான். திரும்பி வரும்போது மடியில் நாலு வாழைப்பழம், வெற்றிலை. அந்தப் பழத்தின் ருசி... எதையோ எழுத வந்து எங்கேயோ போகிறேன்.

சாலையோரத்தில் யார் கேட்டாலும் "இது மேல போற வண்டி, ஆத்தா" என்பான். "டிரைவர் யாரு?" என்றால் பெருமையாக என்னைக் காட்டுவான்.

9 நவம்பர், ஞாயிறு

காளிராஜ் சொல்லித்தான் தெரியும். பெத்தன் மகள் தேவிகாவோடு ஓசூருக்கே போகிறானாம். இருபதாம் தேதி. இனி அங்கேதானாம்.

வீட்டில் மீனம்மாளிடம் சொன்னேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. "அவரு வண்டிக் கதவைத் தட்டி நிறுத்தாட்டி அன்னைக்கு அந்த ராக்கெட்டு லோடோடயே நீங்க ஆத்துக்குள்ள போயிருப்பீக. பொண்டாட்டின்னு நான் ஒருத்தி மறக்கல, நீங்க மறந்துட்டீக" என்றாள்.

12 நவம்பர்

மூன்று நாளாகப் போனைக் கையைவிட்டு வைக்கவில்லை. பெத்தனிடம் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும். தேடினால் தப்பு என் பேரில்தான்.

இருபத்திரண்டு டன் என்பது கிட்டத்து லோடு. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இறக்குவது. நம்முடைய நாலரை டன் தூரத்து லோடு, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரைப் பார்த்துப் போவது. அந்தத் தூரத்துக்கு ஃபால்கனே எட்டு டன்தான் கொண்டுபோகும். நம்மதும் கிட்டத்தில் இறக்கினால் எட்டு ஏற்றும். ஐரோப்பாக்காரர்களின் பழைய ஏரியான் தூரத்துக்குப் பத்து, சீனாக்காரன் பதினாலு. நம்ம சின்ன வண்டி பி.எஸ்.எல்.வி. முந்நூற்றிருபது டன் எடை, ஏற்றுவது ஒண்ணே முக்கால் டன்! மற்றதெல்லாம் வண்டியின் உடம்பும் எரிபொருளும்தான். எந்த லாரி முதலாளி இதற்கு ஒத்துக்கொள்வான்?

இப்போதும் அமெரிக்காக்காரன் வண்டிதான் பெரியது. ஆனால் நான் சொன்ன மாதிரி இல்லை. மானாமதுரைக்கு ஏற்றுகிற லோடை அப்படியே கொடைக்கானல் மலைக்கு எவனாவது ஏற்றுவானா? எங்கே இறக்கணும் என்று கேட்காமல் எடையை மட்டும் பேசியிருக்கிறேன். முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவன் பேசுகிற பேச்சா இது?

14 நவம்பர்

கோவிலூரில் பெத்தன் வீட்டுக்குப் போனேன். பெத்தன் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க டிரைவரே" என்றான்.

டிரைவரே! ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் எட்டு, பதினாலு என்று கணக்கை ஒப்பித்தேன்.

"டன் கணக்கு சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீக? கம்பு தூக்குனவனுக்கு அது எதுக்கு?"

மன்னிப்புக் கேட்கப் போனவன் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

19 நவம்பர்

காலையில் கடையில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். பதினோரு நாளும் எனக்கு வண்டியின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. பெத்தன் கை தெரியும், அவ்வளவுதான். ஆற்றோரத்தில் பின்சக்கரம் மண்ணில் இறங்கியதைப் பார்த்து, கதவைத் தட்டி நிறுத்தியவன் அவன். லோடு போய்ச் சேர்ந்ததும் எனக்குத் துண்டு போட்டு மரியாதை செய்தார்கள். அவன் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியவன்தான் அங்கே இல்லை. நாளைக் காலை அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

20 நவம்பர்

போயிட்டான்யா. நான் போறதுக்குள்ள போயிட்டான். வீடு பூட்டிக் கெடக்கு.

24 டிசம்பர், புதன்

காலை ஒன்பதுக்கு முன்னால் எல்.வி.எம்-3 மறுபடியும் போனது. ஆறு டன்னுக்கு மேல். நம் மண்ணிலிருந்து ஏறியதிலேயே கனத்த லோடு இதுதானாம். பார்த்து முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"பாத்தியாடா?"

பெத்தன். "கிட்டத்துலதான் இறக்குறாக. அதான் ஆறு டன்னு" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். காளிராஜ் எல்லாம் சொன்னான். கடையில பேசுனதை நான் இருக்கப்ப பேசுனா வாய் வெந்துருமா?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு? கம்பால அடிப்பேன்னா?"

"மன்னிச்சிரு பெத்தா."

தேவிகா வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அப்புறம், "இங்குட்டு எல்லாம் கன்னடமும் தெலுங்கும். பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு இல்லடா" என்றான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே வருகிறானாம். மீனம்மாள் அதற்குள் கட்டிலை வெயிலில் எடுத்துப் போட்டுவிட்டாள்.