கனோண்டகன் நீள்வீட்டில் உன் மாமா

ஸ்டீம்பர்க்,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் மார்லாவுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பதற்கு நன்றி. எதிரே வருகிறவர்களிடம் நம் பூர்வகுடி ஆட்கள் சொல்கிற இந்த வார்த்தை, அலாஸ்காவில் இருக்கும் உனக்கு எழுதும்போது கேள்வியாகத்தான் வருகிறது, நலமாகத்தானே இருக்கிறாய்? அங்கே இப்போதே பனி கொட்டுகிறதாமே, நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, கரடிக் கொழுப்பு தடவியதால்தான் என்கிறார், டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை.

உன் ஆர்டன் மாமாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பற்றிப் பேசினோமே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். வியாழக்கிழமை அந்த இல்லத்தைப் பார்க்க நானும் அப்பாவும் அண்ணனும் காரில் கிளம்பினோம். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, இனி வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நம் ஊர்ச் சடங்குக்குக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கொஞ்சம் கண் அசந்தால் கதவைத் திறந்துகொண்டு ஆற்றுப் பக்கம் போய்விடுகிறார், எனக்கு இழுத்து வரத் தெம்பில்லை. அதனால்தான் நானும் சரி என்றேன். வழியில் நம் முன்னோரின் பழைய ஊர் கனோண்டகன் வந்ததும் அப்பா, "நேரம் கெடக்கு, கெய்லனப் பாத்துட்டுப் போவோம், மச்சானும் கால நீட்டுன மாதிரி இருக்கும்" என்று காரைத் திருப்பிவிட்டார். உன் அத்தை மகன் கெய்லன் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறான், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறான்.

முதலில் நம் பழைய சோளக் களஞ்சியம் இருந்த மேட்டில் ஏறினோம். புல்லைத் தவிர ஒன்றுமில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு ராஜாவின் படை வந்து நம் சோளத்தைக் கொளுத்திய கதை நான் சிறுவயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் அங்கே நின்றபோது உடம்பு சிலிர்த்துவிட்டது மகளே. எரித்து எரித்துப் படையே சலித்துப்போகிற அளவு சோளத்தை விளைவித்தது யார், நம் பெண்கள்தானே. அடுத்து வந்த குளிருக்கு அவர்கள் எதைத் தின்றார்களோ, பிழைத்திருக்கிறார்கள். அதனால்தான் பாவாடை நிறைய ஒட்டுமுள்ளோடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம், முன்னோர் பல குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த மாதிரியே கட்டிவைத்திருக்கிற நீள்வீட்டுக்குள் போனோம். மரப்பட்டைச் சுவர், இரண்டு பக்கமும் தோல் விரித்த படுக்கைப் பலகைகள், தலைக்கு மேலே பின்னித் தொங்கவிட்ட சோளக் கதிர்கள், கூரைத் துளை வழியாக இறங்கும் வெளிச்சம். பட்டணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் உள்ளே இருந்தது. அதில் ஒரு பெண் "டிவிய எங்க வைப்பாங்க?" என்று கேட்க, கெய்லன் என்னைக் காட்டி, "எங்க அத்த வாயத் தொறந்தா டிவியே தேவையில்ல" என்றானே பார்க்கலாம், உன் அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் எந்தக் கூட்டத்துக்கும் முன்னால் நம் பாஷையில் சொல்கிற நன்றியுரையைக் கெய்லன் ஆரம்பித்தான். மனிதருக்கு நன்றி சொல்லி, நம் மனம் ஒன்றாக இருக்கட்டும் என்று முடித்து நிறுத்தினான். அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நியோ." அப்படியே ஆகட்டும் என்று நம் ஆண்கள் சொல்வார்களே, அதே சொல். திரும்பிப் பார்த்தால் அண்ணன்! கெய்லனும் பார்த்துவிட்டான், ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. பூமிக்கு நன்றி சொன்னான், "நியோ." தண்ணீருக்கு, மீன்களுக்கு, செடிகளுக்கு, ஒவ்வொன்றின் முடிவிலும் அண்ணன் தவறாமல் சொன்னார். நட்சத்திரங்களுக்கு வந்தபோது குரல் கணீரென்று கூரைவரை போனது. நான் அவர் கையைப் பிடிக்கக்கூட இல்லை, தொட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

வெளியே வந்து காரில் ஏறினோம். அப்பா கொஞ்ச தூரம் இல்லம் இருக்கிற பக்கம் ஓட்டினார். அவர் ஓட்டுகிற வேகம்தான் உனக்குத் தெரியுமே, பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். அண்ணன் பின்னால் திரும்பி லாரியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நம் பாஷையில் தெளிவாகச் சொன்னார், "ஆமை." அப்பா ஆமைக் குலம்தான், ஆனால் அவர் குலத்தைச் சொல்லவில்லை! அப்பா காரை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலை வைத்துச் சிரித்தார், பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். "இந்த வாய வச்சிக்கிட்டா மச்சான் இத்தன மாசம் சும்மா இருந்த?" என்றார். அங்கேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நாளுக்கு இரண்டு மூன்று சொல்தான், அதுவும் நம் பாஷை மட்டும், ஆங்கிலம் வரவே இல்லை. வாசல் கதவில் அப்பா மணி கட்டியிருக்கிறார். மாமா உன் அறையில் படுக்கிறார், கோபித்துக்கொள்ளாதே. இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு எனக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று நீ கேட்பாய், அதை அப்போது பார்த்துக்கொள்வோம், அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவரைக் கொண்டுபோய் விட என்னால் ஆகாது.

படைத்தவர் உன்னைக் காக்கட்டும், உன் பாதை வழுக்காமல் இருக்கட்டும். சோளமாவு அனுப்பியிருக்கிறேன், பீன்ஸோடு சேர்த்து வேகவை. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, மாமா காதில் போனை வைக்கிறேன், நம் பாஷையில் தெரிந்ததைப் பேசு. தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, தப்பென்றால் இன்னும் நல்லது, திருத்துவதற்காகவாவது வாயைத் திறப்பார்.

உன் அம்மா,
வெர்னா