நீ சிவப்படித்த எங்கள் ஊர்

அச்சுவேலி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அருந்ததிக்கு அம்மா எழுதிக்கொள்வது. சந்நிதி முருகன் துணையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் அந்தச் சொல் கையில் வரமாட்டேன் என்கிறது, ஆனபடியால் உன் சுகத்தை முதலில் கேட்கிறேன். ஒல்லாந்துக் குளிர் நெஞ்சுக்குள் இறங்கும் என்று செபநாயகம் மாஸ்டர் சொன்னார். அவருடைய மருமகன் நாளைக்கு அங்கே திரும்பிப் போகிறார், அவர் கையில்தான் இந்தக் கடிதமும் பொதியும் வருகிறது, ஞாயிற்றுக்கிழமையே உன்னிடம் தந்துவிடுவதாக வாக்குத் தந்திருக்கிறார். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் உன் தம்பி சுபாஸ்கரனுடையது, நான் கதைக்கும்போது அவன் பக்கத்தில் வந்து நிற்பான், இதுவோ அவனைப் பற்றிய விஷயம். நீயும் நாலு சொல் கேட்க முதல் "வகுப்புத் தொடங்கப் போகுது அம்மா, வைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க ஏலாது.

நீ டாக்குத்தருக்குப் படித்தாய், பிறகு கொழும்பில் ஊர்களில் நோய் வருத்தம் பரவுகிற விதத்தைப் படித்தாய், இப்போது அந்த வருத்தக் கணக்குகளை அலசிப் பார்க்கிற மேல்படிப்பு என்று ஆறு கிழமைக்கு ஒல்லாந்துக்குப் போயிருக்கிறாய். ஒல்லாந்தன் அந்தக் காலத்தில் இங்கே வந்து தோம்பு எழுதி எங்கள் காணியையும் தலையையும் எண்ணினானாம், இப்போது நீ அவன் ஊருக்குப் போய் எண்ணப் படிக்கிறாய், போகட்டும். வீடியோவில் உன் வகுப்பைக் காட்டினாய், எல்லாரும் கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறார்கள், ஒரு வருத்தக்காரனைக் கண்ணில் காணவில்லை. அவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள் பிள்ளை, உன் கணக்கு செய்த வேலையும் இங்கேதான் கிடக்கிறது.

நீ வெளிக்கிட முதல் ஒரு கூட்டத்தில் சிறுநீரக வருத்தத்தைப் பற்றிப் படம் காட்டினாய், வரைபடத்தில் வருத்தம் கூடக் குறையப் பார்த்து ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நிறம், எங்கள் ஊருக்கு நல்ல சிவப்பு. அதை யாரோ ஒரு வேலையற்றவன் போனில் பிடித்து அனுப்ப, கனடா முழுக்கச் சுற்றிவிட்டுக் கரவெட்டிக்கு வந்து இறங்கிவிட்டது. உன் தம்பிக்கு இருக்கிற ஒரே பெட்டை ஆரபி, அவளுக்குப் பேசி வைத்த மயூரதன் கரவெட்டி என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். சாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பலகாரமும் சாப்பிட்டு, ஆவணியில் கலியாண எழுத்து என்று பெரியவர்கள் வாயால் சொல்லியும் முடிந்தது. படம் வந்த கிழமை உன் மாமி சிவக்கொழுந்து வந்தாள், உள்ளே வரவில்லை, படலையடியில் நின்றபடியே சொன்னாள், "பெட்டையிலை ஒரு குறையும் இல்லையாம் மச்சாள், ஊரிலைதானாம் குறை. சிவத்த ஊரிலை சம்பந்தம் வைக்கப் பயமாக் கிடக்காம்." சொல்லும்போது அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம். என் கலியாணப் பந்தியில் இருந்துகொண்டு "பொம்பிளை வீட்டுக் கறியிலை உப்புக் காணாது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாளே, அன்றைக்கும் அதே வெளிச்சம்தான். பச்சைக் கரை போட்ட மஞ்சள் சேலை உடுத்திருந்தாள், உன் ஐயாவின் தமக்கை என்று நான்தான் அவளுக்கு இரண்டாம் தரம் பாயாசம் வார்த்தேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்து அந்தச் சிவப்பை அழி என்றேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, எங்கடை ஊரிலை மிஞ்சி இருக்கிறதே கொஞ்சச் சனம், அதிலையும் வயசு போன ஆக்கள். நாலு பேருக்கு வருத்தம் எண்டாலே சிவப்பாத் தெரியும். அது மெய்ச் சிவப்போ, ஆக்கள் குறைவெண்டதாலை வந்த சிவப்போ எண்டு பிரிச்சறியிறதைத்தான் இங்கை படிக்கிறன்" என்றாய். அப்படியென்றால் படித்துவிட்டு வந்து நிறம் அடித்திருக்கலாமே. மாவரிக்க முதல் பிட்டு அவிக்கிறவர்கள் உண்டா? என்றாலும் உன் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குடையும் எடுத்து, பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போனேன். மயூரதனின் தாயிடம் நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தச் சனம் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகாமல் இருந்திருந்தால் எங்கள் ஊர் வெள்ளை வெளேரென்று இருந்திருக்கும் என்று விளக்கினேன். மனுசி நல்ல தேத்தண்ணீர் தந்து முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப உங்கடை மகளுக்கும் இன்னும் நிச்சயமாத் தெரியாதுதானே அம்மா?" நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "முழுப்பேரையும் சோதிச்சுத் தெளிவாச் சொல்லட்டும், பிறகு கதைப்பம்" என்றாள். மயூரதன் தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுவந்து இறக்கினான். அதையும் நான் மறக்கப் போவதில்லை.

நான் வந்து சேர்ந்த அடுத்த நாளே மிட்வைஃப் பிள்ளை ஒழுங்கைக்கு வந்து, வருகிற செவ்வாய்க்கிழமை சனசமூக நிலையத்தில் வயது வந்த எல்லாருக்கும் இரத்தமும் சலமும் சோதிக்கப் போகிறோம், உங்கள் மகளின் ஆராய்ச்சியின் அடுத்த கட்டம் இதுதான் என்று சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு தரம் சோதித்ததற்கே ஒரு கலியாணம் நிற்கிறது, இனி ஊர் முழுக்கச் சோதித்தால் எந்தக் குமருக்கு மாப்பிள்ளை வரும்? மற்றவர்கள் வாயால் நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன், பிள்ளையார் கோவிலடியில் பெண்கள் கூடினபோது "ஒருத்தரும் போகாதேங்கோ, படலையைப் பூட்டுங்கோ" என்று முதல் சொன்னது நான்தான். "டாக்குத்தரின்ரை தாயே சொல்லுறா, பிறகென்ன" என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவ்வளவு சுகமாக என் சொல்லை இந்த ஊர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அந்தப் பெருமையில் இரண்டு நாள் இருந்தேன்.

பிறகு சிவக்கொழுந்து வந்தாள், இந்த முறை உள்ளே வந்து கதிரையில் இருந்து "நல்ல வேலை செய்தாய் மச்சாள், மூடி வைக்கிறதுதான் குடும்பத்துக்கு அழகு" என்றாள். அவள் என்னோடு ஒத்துப்போவது இதுதான் முதல் தடவை, அப்போதே எனக்கு எங்கேயோ பிழைத்துவிட்டது என்று மனம் அரிக்கத் தொடங்கிவிட்டது. அவள் போன பிறகு உன் தம்பி குசினி வாசலில் வந்து நின்று "உங்களுக்குத்தான் அம்மா மூளை, நல்லாச் செய்தீங்கள்" என்றான். அருந்ததி, அவனை உனக்குத் தெரியும். நான் சுட்ட தோசையைக்கூட நல்லாயிருக்கு என்று சொல்லாமல் தின்றுவிட்டுப் போகிறவன். அவன் என்னைப் புகழ்கிறான். ஏன் இவனுக்கு இவ்வளவு சந்தோசம்? அன்று தொடக்கம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வெயிலில் வீட்டுக்குள்ளேயும் காலுக்கு மேசு போட்டுக்கொண்டு திரிகிறான். கேட்டால் பித்தவெடிப்பாம். புதன்கிழமை மத்தியானம் தோட்டத்தால் வந்து மேசைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தான், நான் போய்ப் பார்த்தேன். இரண்டு காலும் ஊதிக் கிடக்கிறது, மேசின் வாய் இறுகின இடம் கயிறு கட்டினது போல் பதிந்திருக்கிறது. விரலை வைத்து அமத்தினேன், பிசைந்த மாவில் விழுகிற மாதிரிக் குழி விழுந்தது, விரலை எடுத்தும் அந்தக் குழி நிரம்பவில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னான், "அம்மா, ஆரபியின்ரை காரியம் முடியட்டும். அதுவரைக்கும் அக்காவுக்கு மூச்சு விடாதேங்கோ."

இதே சொல்லை நான் முன்னமும் கேட்டிருக்கிறேன். உன் கலியாணம் முடியட்டும் என்று உன் ஐயா இருமலைத் துவாய்க்குள் மறைத்துக்கொண்டு திரிந்தார். கலியாணம் வடிவாக முடிந்தது, உங்கள் நாலாம் சடங்குக்கு அவர் எழும்பவில்லை. எல்லாரும் தியாகம் என்று சொன்னார்கள், எனக்கு அந்த மனுசனோடு இருக்கிற கோபம் இன்றைக்கும் தீரவில்லை. திவசத்துக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பைப் படைக்கும்போதுகூட ஏசிக்கொண்டுதான் படைக்கிறேன். செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்பார்கள், பிள்ளையோடும் அப்படியொரு கோபத்தை வைத்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது.

ஆனபடியால் கேள். இன்று காலை ஒவ்வொரு படலையாகத் தட்டி, செவ்வாய்க்கிழமை நான் சோதிக்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருத்தி "அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை, உங்கடை நாக்குக்கு எலும்பில்லையோ" என்று கேட்டாள். ஆர் என்று இப்போது எழுதவில்லை, மனதில் வைத்திருக்கிறேன். பாதிப் பேர் வருவார்கள், மற்றப் பாதி அவர்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான், நிறத்தை அழி என்று சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வருகிற கணக்கை வருகிறபடி எழுது. எங்கள் சுபாஸ்கரனும் அதில் ஒரு ஆளாக வந்தால் அவனையும் எழுது, அம்மாவுக்காக ஒருத்தரையும் கூட்டாதே, குறைக்காதே. சிவப்பென்றால் சிவப்பு, அதுக்கு மருந்து என்ன என்று பார்ப்போம். கரவெட்டியார் வராவிட்டால் நல்லூரிலும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆரபிக்குத் தகப்பனின் கால் விஷயம் தெரியாது, அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ இதை வாசித்துவிட்டுப் பதறி அடித்துப் பிளேன் ஏறாதே, படிப்பை முடி. நிச்சயமாகத் தெரியாது என்று இனி ஒருத்தியும் என் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது.

பொதியில் பனம் பினாட்டும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறேன், பினாட்டைக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்காதே, ஈரம் பிடிக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, பச்சை இலைகளை மட்டும் தின்று வயிற்றைக் கெடுக்காதே. சந்நிதியான் உன்னைக் கைவிடமாட்டான், நீ நீடூழி வாழ வேண்டும், உன் கைபட்ட வருத்தக்காரர்கள் எழும்பி நடக்க வேண்டும். மறக்காமல் இன்னொன்று, செவ்வாய்க்கிழமை முடியும்வரை தம்பிக்குப் போன் எடுத்துக் காலைப் பற்றிக் கேட்டுவிடாதே, உசாராகிவிடுவான். அவன் அன்றைக்குத் தண்ணீர் மோட்டருக்குச் சாமான் எடுக்கப் பருத்தித்துறைக்குப் போகிறானாம். அச்சுவேலியில் இல்லாத சாமான் அங்கே என்ன இருக்கிறது? மிளகாய்த்தூள் பையின் அடியில் இரண்டு திறப்பு இருக்கும், பயப்படாதே, அவனுடைய மோட்டார் சைக்கிள் திறப்பும் அதன் மாற்றுத் திறப்பும்தான், நீ வரும்போது கொண்டுவந்தால் போதும். பூட்டை உடைக்க அவனுக்கு மனம் வராது, பெண்சாதியைவிட அந்தச் சைக்கிளைத்தான் அவன் கூடத் துடைக்கிறான். பஸ்ஸில் போவதென்றால் சந்திவரைக்கும் நடக்க வேண்டும், அந்தக் காலோடு அவனால் அவ்வளவு தூரம் ஏலாது. சனசமூக நிலையம் எங்கள் வேலிக்கு அடுத்தது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சீவரத்தினம் இலட்சுமிப்பிள்ளை